காலி வீட்டுக்கு ஒரு மேனேஜர்

எனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது.

பதறாதீர்கள். என் மனைவிக்குத் தெரிந்த விஷயம்தான். சொல்லப்போனால் அவள் பெயரில்தான் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் நாலு துணி உலர்த்துமளவுக்கு ஒரு முற்றம். முற்றத்தின் மேல் பக்கத்து வீட்டுப் பாதாம் மரம் சாய்ந்து நிற்கும். மாமனார் தன் மகளுக்கு எழுதிவைத்த வீடு அது. எனக்கு அவர் எழுதிவைத்தது மகளை மட்டும்தான்.

கடைசியாகக் குடியிருந்தவர்கள் காலி செய்து நாலு மாதமாகியிருந்தது. சாவி என்னிடம். "தினம் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க, குழாய் ஒழுகுதா, எலி வந்திருக்கான்னு" என்பது மனைவியின் உத்தரவு. பார்க்க ஐந்து நிமிடம் போதும். எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். எதையும் ஆழ்ந்து பார்க்கிறவன் நான். அவ்வளவு ஆழத்துக்குப் போகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

என் மேல் தப்பில்லை. என் மனைவி தையற்காரி. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு மெஷின். காலை ஒன்பதுக்குக் கடகடவென்று ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை நிற்காது. நடுநடுவே வாசல் மணி. "அம்மா, கை கொஞ்சம் இறுக்குது." "அம்மா, கழுத்து கொஞ்சம் தொங்குது." நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அன்று உட்கார ஒரு நாற்காலி தேடினேன். ஒவ்வொரு நாற்காலியிலும் எனக்கு முன்பே யாருடைய பாவாடையோ உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கிவிட்டு உட்கார்ந்தால் ஊசி. எனக்கு ஓய்வு என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் அதை யாரும் அமல்படுத்தவில்லை.

முப்பத்தோரு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன் நான். என் பிரிவு கடற்கரை. மயிரிழைப் பேனாவால் வளைகுடாக்களையும் முனைகளையும் வரைந்துகொண்டே போவேன். கரை முடிகிற இடத்தில் நீல மையை ஒரு தொடு தொட்டு நிறுத்திவிடுவேன். அதற்கப்பால் என் வேலை இல்லை. கடலை நான் நேரில் பார்த்ததே கிடையாது.

அந்தக் காலிக் கூடத்தில்தான் எனக்குக் கடல் கிடைத்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே இறங்கும். கூடவே பாதாம் இலைகளின் நிழலும் இறங்கும். காற்று அடித்தால் தரை முழுவதும் அலை. சமையலறைக் குழாய் டொக்... டொக்... என்று சொட்டும். படித்துறையில் படகு முட்டுகிற சத்தம் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எதிர்ச் சுவரில் ஓதம் ஏறி ஒரு கறை. அதை மற்றவர்கள் கறை என்பார்கள். நான் அதில் இரண்டு துறைமுகம், ஒரு கலங்கரை விளக்கம், தெற்கே ஒரு சதுப்பு நிலம் எல்லாம் உள்ள ஒரு தீவைக் கண்டுபிடித்துவிட்டேன். பாயை விரித்து மல்லாந்து படுத்தால் கொஞ்ச நேரத்தில் தரை மெல்ல நகரும். பாய் கப்பலாகிவிடும். நான் கேப்டன். நாலரைக்குக் கரைக்குத் திரும்பி, முகம் கழுவி, "குழாய் பரவாயில்லை" என்று மனைவியிடம் அறிக்கை கொடுப்பேன்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த கப்பலில் ஒரு திங்கட்கிழமை காலை ஓட்டை விழுந்தது.

மனைவி வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, யாருக்கோ ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நேத்து வீடு பார்க்க வந்தவங்க என்ன சொன்னாங்க?"

"பிடிக்கலையாம்."

"ஏன்?"

"வெளிச்சம் பத்தலையாம்."

"போன வாரம் வந்தவங்க வெளிச்சம் ஜாஸ்தின்னு போயிட்டாங்கன்னு சொன்னீங்க."

"அவங்க கண்ணு வேற, இவங்க கண்ணு வேற."

"அதுக்கு முன்னாடி வந்தவங்க?"

"அவங்க வீட்டுல பூனை இருக்கு."

"இருந்தா?"

"பூனைக்குப் பிடிக்கலை."

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள். எனக்கு எங்கெங்கோ குத்தியது.

உங்களிடம் மறைப்பானேன்? மொத்தம் பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேரையும் விரட்டியது நான்தான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காகச் சொல்றேன்..." என்று ஆரம்பித்து, "வேணாம், விடுங்க" என்று ஒரு பெருமூச்சு விடுவேன். அவ்வளவுதான். மிச்சத்தை அவர்களே கற்பனை செய்துகொண்டு தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

"நீங்க கஷ்டப்பட்டது போதும்" என்றாள் மனைவி. "ஒரு ப்ராப்பர்ட்டி மேனேஜரை வெச்சிடலாம். குடி வைக்கிறது, ஒப்பந்தம் போடுறது, குழாய், ஓதம் எல்லாத்தையும் அவர் பார்த்துக்குவார். நீங்க நிம்மதியா வீட்டுல இருக்கலாம்."

நிம்மதியாக. வீட்டில். இந்த இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் வைக்க எப்படித்தான் அவளுக்கு மனசு வந்ததோ!

அன்று மத்தியானம் தீவைப் பார்த்தபடி படுத்து மாபெரும் முடிவு ஒன்று எடுத்தேன். மேனேஜர் வரட்டும். ஆனால் ஆளை நான்தான் பொறுக்குவேன். நாட்டிலேயே சோம்பேறியான, மறதியான, ஒரு கடுதாசியைக்கூட நேராக மடிக்கத் தெரியாத மேனேஜராகப் பார்த்துப் பொறுக்குவேன். அவர் கையில் வீடு போனால் ஜன்மத்துக்கும் குடி வராது. வீடு காலி. நான் ஜாலி.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். "ஆளைத் தேர்ந்தெடுக்கிற பொறுப்பை என்கிட்ட விட்டுடு."

"உங்ககிட்டயா?"

"முப்பத்தோரு வருஷம் ஆபீஸ்ல இருந்தவன். வேலை செய்யாதவனை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவேன்."

"கண்டுபிடிச்சு?"

"வேண்டாம்னு சொல்லிடுவேன்" என்று சமாளித்தேன்.

அவள் தன் வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேர் சின்ன வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கழுத்தில் அளவு டேப்பைப் போட்டபடியே மனைவியும் கிளம்பி வந்துவிட்டாள். "நான் சும்மா ஓரமா நிக்கிறேன்" என்றாள். அவள் ஓரமாக நின்றால் அறை அந்தப் பக்கமாகச் சாயும்.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். கையில் டார்ச். வந்ததும் வீட்டைக் கட்டிலில் கிடக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என் தீவின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு மாசமா" என்றேன் பயந்துபோய்.

"யாரும் கவனிக்கலையா?"

"தினமும் கவனிக்கிறேன்."

"கவனிச்சு?"

"ரசிப்பேன்" என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் சமையலறைக் குழாயின் கழுத்தைத் திருகிப் பார்த்து, "வாஷர் போயிருக்கு, பத்து நிமிஷ வேலை" என்றார். பிறகு அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில் சுருட்டிவைத்த பாய். அதன் மேல் தலையணை.

"இங்க யாரோ தினமும் வந்து படுத்துட்டுப் போறாங்க."

"எலியா இருக்கும்" என்றேன்.

"எலிக்குத் தலையணையா? அதுவும் உறை போட்டு?"

மனைவி ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது நான் தைச்ச உறை மாதிரி இருக்கே."

"நீ ஊருக்கே தைக்கிறே. யாராவது வாங்கியிருப்பாங்க."

"அப்படியா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசினால் தாங்கிக்கொள்ளலாம்.

நர்ஸ் அம்மாவை நான் நிராகரித்தேன். காரணம் கேட்டபோது, "ரொம்ப அன்பு காட்டுறாங்க. குடியிருக்கிறவங்க கெட்டுப்போவாங்க" என்றேன்.

இரண்டாவதாக வந்தவர் முழுக்கை வெள்ளைச் சட்டை. பேச்சு முழுக்கப் போனைப் பார்த்தபடியே. "எல்லாமே ஆப்லயே முடிஞ்சிடும் சார். இப்ப போட்டோ எடுத்தா, காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆள் வரும். இந்த ஜன்னல்ல ஒரு கேமரா வெச்சிடுவோம். உள்ள யாரு வந்தாலும், உட்கார்ந்தாலும், படுத்தாலும் அம்மா போன்ல டிங்குனு சத்தம் வரும்."

எனக்கு அங்கேயே டிங்கென்றது. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். "சட்டை அநியாயத்துக்கு வெள்ளை. வேலை செய்றவன் சட்டையா இது?" என்றேன் மனைவியிடம்.

மூன்றாவது ஆள் இரண்டு மணிக்கு வரவேண்டியவர். மூன்றரை வரை வரவில்லை. சரி, பூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று கதவைத் திறந்தால் வாசற்படியில் தூணில் சாய்ந்தபடி ஒரு பெரிய உருவம். குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எப்போது வந்தாரோ!

தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவசரமே இல்லாத கண்கள்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"அருங்காட்சியகத்துல காவல் சார். இருபது வருஷம். ஒரே ரூம். அதுல ஒரு திமிங்கிலத்தோட எலும்புக்கூடு. அதை யாரும் எடுத்துட்டுப் போகாம பார்த்துக்கணும்."

"யாராவது எடுத்துட்டுப் போனாங்களா?"

"இல்லை சார். நாப்பதடி நீளம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷம் ஒரு நாற்காலி. எதிரே ஒரு திமிங்கிலம். இந்த மனுஷனுக்கல்லவா ஓய்வூதியம் கொடுக்க வேண்டும்!

"குடி வைக்க ஆள் பிடிப்பீங்களா?"

"பார்க்கலாம்."

"குழாய் ஒழுகினா?"

"பார்க்கலாம்."

"கூரை இடிஞ்சு விழுந்தா?"

கொஞ்சம் யோசித்தார். "விழுந்தப்புறம் பார்க்கலாம் சார்."

காதில் தேன் பாய்ந்தது. அந்த இடத்திலேயே அவருக்கு 'பார்க்கலாம்' என்று பெயர் வைத்து, வேலையும் கொடுத்தேன். மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"நிதானமான ஆள்."

"நிதானமா? மூச்சே எண்ணி எண்ணித்தான் விடுறார்."

"அவர்தான்."

"சரி, உங்க இஷ்டம்" என்றாள்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் "உங்க இஷ்டம்" என்று அவள் சொன்னது அது மூன்றாவது தடவை. முதல் தடவை சொன்ன மறுநாள் என் மீசை போனது. இரண்டாவது தடவை சொன்ன வாரம் என் மோட்டார் சைக்கிள் போனது. நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. திமிங்கிலம் கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்து வந்த நாட்கள் என் வாழ்க்கையின் பொற்காலம். மத்தியானம் நான் போய்ப் பாயை விரிப்பேன். சிறிது நேரத்தில் பார்க்கலாம் வருவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் மூலையில் குடையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுவார். அலை வந்து எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு போகும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், பாதி வார்த்தைகளில் பேசிக்கொள்வோம்.

"திமிங்கிலத்துக்குக் கனவு வருமா?"

"வரும் சார். நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்."

"அது எலும்புக்கூடுதானே?"

"அதனால என்ன சார், கனவுக்குச் சதை எதுக்கு?"

இப்படிப்பட்ட ஆளிடம் எதை மறைப்பது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினோரு பேரை விரட்டியது, தலையணை, தீவு, துறைமுகம் எல்லாம். "இந்த வீட்டுக்கு ஆளே வரக் கூடாது, புரியுதா?" என்றேன். "பார்க்கலாம் சார்" என்றார் கண்ணை மூடியபடி.

ஒரு நாள் ஆழ்கடலில் இருந்தேன். வடக்கே ஒரு புதுத் துறைமுகம் தெரிந்தது. கப்பலைக் கரையில் அணைத்ததும் தொப்பி வைத்த அதிகாரி ஒருவர் மெதுவாக ஏறிவந்தார். "கேப்டன், இங்க ஒரு கையெழுத்து." "எதுக்கு?" "கப்பல் இங்க நிக்கிறதுக்கு." போட்டேன். "இந்தப் பக்கத்துலயும்." போட்டேன். "கடைசிப் பக்கத்துலயும், கேப்டன்." பெருமிதத்தோடு போட்டேன். என்ன மரியாதையான துறைமுகம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அலைக்குப் போய்விட்டேன். விழித்தபோது விரல் நுனியில் மை இருந்தது. கடலில் நீல மைதான் இருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு. அதனால் சந்தேகப்படவில்லை.

மறுநாள் சாப்பிடும்போது மனைவி சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த வீட்டுக்கு ஆள் வந்தாச்சு."

"யாரு?"

"நல்ல மனுஷன்தான். ரிட்டயர் ஆனவர். சத்தம் கிடையாது."

"குடும்பம்?"

"இருக்கு. ஆனா இவர் மட்டும்தான் வந்து இருப்பாராம்."

"ஏன், வீட்டுல சண்டையா?"

"இல்லை. தூக்கம்."

"ஆளை நம்பலாமா? விசாரிச்சியா?"

"முப்பது வருஷமாத் தெரியும்" என்று தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள். "கையெழுத்துகூட அழகா போட்டிருக்கார். பாருங்க."

பார்த்தேன். வாடகை ஒப்பந்தம். மூன்று பக்கத்திலும் என் கையெழுத்து. அடியில் 'கேப்டன்' என்று வேறு எழுதியிருந்தேன்.

கூடவே மேனேஜரின் முதல் அறிக்கை, முத்துமுத்தான எழுத்தில்: 'வீட்டு உரிமையாளர் அம்மா அவர்களுக்கு. வீடு காலியாக இருப்பதாகச் சொல்லப்பட்டது. நேரில் பார்த்ததில் அப்படி இல்லை. தினமும் ஒன்றரை முதல் நாலரை வரை ஒரு ஆண், வயது அறுபது இருக்கும், குடியிருக்கிறார். சொந்தப் பாய், சொந்தத் தலையணை. குறட்டை மிதமானது. ஆசாமி ஒழுக்கமானவர். இவரையே முறைப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது என் பணிவான கருத்து.'

ஒப்பந்தமும் கையுமாகச் சின்ன வீட்டுக்கு ஓடினேன். பார்க்கலாம் வாசற்படியில் இருந்தார்.

"யோவ், நீ எனக்கு மேனேஜரா, அவளுக்கு மேனேஜரா?"

"வீட்டுக்கு மேனேஜர் சார்."

"நான் சொன்னதையெல்லாம் எழுதிட்டியே?"

"தீவை எழுதலை சார். அது உங்க சொந்த விஷயம்."

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் வீட்டுக்குள் போய்ப் படுத்து யோசித்துப் பார்த்தேன். இதில் எனக்கு என்ன நஷ்டம்? இனி எலி மீது பழி போட வேண்டியதில்லை. அலமாரியில் ஒளிக்க வேண்டியதில்லை. ஓய்வூதியத்தில் ஒரு துண்டு மனைவியிடம் போகும். அது இத்தனை நாளும் முழுசாகவே அவளிடம்தானே போய்க்கொண்டிருந்தது! நான் இப்போது சட்டப்படி கேப்டன். ஒப்பந்தம் என்பது ஒப்புக்கு ஒரு பந்தம். நாளைக்கு என்னை யார் கேட்க முடியும்?

ஒப்பந்தத்தில் பார்க்கலாம் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். குடியிருப்பவர் வீட்டைத் தம் செலவில் நல்ல நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"அம்மா கண்டிப்பா இருக்காங்க சார்."

"என் வீட்டை நான் பண்ணாம யாரு பண்ணுவா?" என்றேன் தெம்பாக.

அடுத்த மூன்று வாரம் நான் உழைத்த உழைப்பை அலுவலகத்தில் உழைத்திருந்தால் கண்டம் ஒன்றுக்கு என் பெயர் வைத்திருப்பார்கள். குழாய்க்கு வாஷர் மாற்றினேன். சொட்டுவது நின்றது. தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தேன். உப்புத்தாளால் சுவரைச் சுரண்டினேன். தீவின் மேல் பட்டி பூசும்போது மட்டும் கை தயங்கியது. தெற்கே சதுப்பு நிலத்திலிருந்து ஆரம்பித்து, கலங்கரை விளக்கத்தைக் கடைசியாக மூடினேன். பிறகு கூடம் முழுவதும் நீலம். கடையில் பதினாலு நீலம் காட்டினார்கள். எதுவும் சரியில்லை. மூன்றைக் கலந்து, என் பேனா கரையில் தொட்டு நிறுத்துமே, அந்த நீலத்தைக் கொண்டுவந்தேன். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை. ஒரு பிரம்புச் சாய்வு நாற்காலி. பார்க்கலாம் கண்ணை மூடி மேற்பார்வை பார்த்தார். "இன்னொரு கை அடிங்க சார், மூலையில தெரியுது" என்பார் கண்ணைத் திறக்காமலேயே.

மூன்று வாரமும் எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. ஆனால் முடிந்த அன்று பார்க்க வேண்டுமே! ஒன்றரை மணி வெயில் திரையில் பட்டு, நீலத்தில் விழுந்து, கூடமே மெல்ல மூச்சு விட்டது. மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் செருப்பை வெளியே விட்டு, கூடத்தின் நடுவில் போய் நின்றாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். நாற்காலியின் கையைத் தடவினாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை பார்க்கலாம் எங்கள் வீட்டுக்கே வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறித்த நேரத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு கடிதம். நேராக, அழகாக மடித்திருந்தது.

'உரிமையாளருக்குச் சொந்த உபயோகத்துக்கு வீடு தேவைப்படுவதால், ஒப்பந்தத்தின் ஒன்பதாவது ஷரத்துப்படி தாங்கள் ஏழு நாட்களுக்குள் காலி செய்து தரும்படி...'

நான் காலி.

மெஷின் பக்கம் போனேன். "இது என்ன?"

"படிச்சீங்கல்ல?"

"சொந்த உபயோகம்னா? மெஷினை அங்க கொண்டுபோகப் போறியா?"

"இல்லை."

"கூட வாடகைக்கு வேற ஆளா?"

"இல்லை."

"பின்ன என்னதான் பண்ணப்போறே?"

"தூங்கப்போறேன்" என்றாள்.

மெஷினை நிறுத்தினாள். எங்கள் வீட்டில் பகலில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

"கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. மத்தியானம் நான் படுத்து நீங்க பார்த்திருக்கீங்களா?"

யோசித்தேன். ஒவ்வொரு வருஷமாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலாகக் கிடந்தபோதுகூட மடியில் பட்டன் டப்பா இருந்தது.

"நாலரைக்கு நீங்க அங்கிருந்து வருவீங்க. முகத்துல ஒரு தெளிவு இருக்கும். இந்த மனுஷன் எங்கயோ நல்ல இடத்துக்குப் போய்ட்டு வர்றார்னு தெரியும். முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் பொறாமை வந்துச்சு. அப்புறம் மேனேஜர் வந்தார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே?"

"குடுத்திருப்பீங்க. குழாயைச் சரி பண்ணிக் குடுத்திருப்பீங்களா?"

சின்ன வீட்டுச் சாவியை எடுத்து மெஷின் மேல் வைத்தேன்.

இப்போதெல்லாம் ஒன்றரை மணிக்கு அவள் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். வாசல் மணிக்கு நான். "கை இறுக்குதா? வெச்சிட்டுப் போங்க. கழுத்து தொங்குதா? எழுதிக்கிட்டேன், போங்க." நோட்டில் எழுதி எழுதி, என் கடற்கரைக் கையெழுத்து கழுத்துகளையும் தோள்களையும் வளைத்து வளைத்துப் போகிறது. வாடிக்கையாளர்கள் பாராட்டுகிறார்கள்.

போன வியாழக்கிழமை பொறுக்கவில்லை. 'இதோ வந்துவிடுகிறேன்' என்று ஒரு அட்டையை எழுதிக் கதவில் தொங்கவிட்டுவிட்டு, இரண்டு தெருவையும் தாண்டிப் போனேன். பார்க்கலாம் படியில் குடையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு மேற்கு ஜன்னலுக்குப் போய்த் திரையை ஒரு விரலால் விலக்கினேன்.

சாய்வு நாற்காலியில் அவள். கால் இரண்டையும் நீட்டியிருந்தாள். கழுத்தில் டேப் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இலை நிழல் அவள் முகத்தின் மேல் போய்ப் போய் வந்தது. நீலம் முழுவதும் அவளைச் சுற்றி மெதுவாக அசைந்தது. கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்ட முகம். இருபத்தைந்து வயசில் பார்த்த முகம். எங்கே போயிருக்கிறாளோ, எந்தத் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறாளோ, போகட்டும், நன்றாகப் போகட்டும் என்று கண் கலங்க அப்படியே நின்றேன்.

கண்ணைத் திறக்காமல் அவள் சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காத்து வரலை."